விறைப்புக் குறைபாடு: காரணம் அறிவது முதல் மாத்திரை சாப்பிடுவது வரை

‘ஆண்மைக்குறைவு’ என்ற ஒரே மூட்டைக்குள் நான்கு வெவ்வேறு பிரச்சினைகளைப் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். உறவில் நாட்டமே வராமல் இருப்பது ஒன்று. நாட்டம் இருந்தும் குறி விறைக்காமலோ, விறைத்தது நிற்காமலோ போவது இன்னொன்று. விறைப்பு சரியாக இருந்தும் விந்து முந்திவிடுவது மூன்றாவது. எல்லாம் நன்றாக நடந்தும் குழந்தை தங்காதது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, பரிசோதனை வேறு, மருந்து வேறு. விந்தணு எண்ணிக்கை குறைந்த பலருக்கு விறைப்பில் ஒரு குறையும் இருக்காது. விறைப்பே வராத ஒருவரின் விந்தணுக்கள் நல்ல நிலையில் இருக்கலாம். மருத்துவரிடம் போய் ‘ஆண்மைக்குறைவு’ என்று மட்டும் சொன்னால், எது என்று பிரித்தெடுப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். இங்கே பேசப்போவது இரண்டாவதை மட்டும்.

ஒரு நாள், இரண்டு நாள் வராமல் போவது நோய் இல்லை. அலுப்பு, தூக்கமின்மை, அளவு மீறிய மது, மாலையில் நடந்த சண்டை என்று எது இருந்தாலும், எந்த வயதிலும் நடக்கும். உறவுக்குப் போதுமான விறைப்பு வராததோ, வந்தது முடியும்வரை நிற்காததோ 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால்தான் மருத்துவம் அதை விறைப்புக் குறைபாடு என்கிறது. இடுப்பெலும்பு முறிவு, முதுகுத்தண்டில் அடி, புராஸ்டேட் அறுவை ஆகியவற்றுக்குப் பிறகு வந்ததென்றால் 3 மாதக் கணக்கு வேண்டாம். உடனே கேட்கலாம். அபூர்வமான நோயும் இல்லை: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது ஆண்களிடம் நடத்தி 1994-இல் வெளியான ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறை இருந்தது. அறவே விறைப்பு இல்லாதவர்கள் சுமார் 10 சதவீதம். அதாவது பெரும்பாலானவர்கள் நடுவில் எங்கோ நிற்கிறார்கள். கையில் மருத்துவம் இருக்கிற இடமும் அதுதான்.

உள்ளே நடப்பது என்ன

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மாத்திரை ஏன் சிலருக்கு வேலை செய்கிறது, சிலருக்கு ஏன் செய்வதில்லை என்பதெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது.

ஆண்குறியில் எலும்பு இல்லை. விறைப்பைத் தருவது ரத்தத்தின் அழுத்தம். நீளவாக்கில் இரண்டு பஞ்சுக் குழாய்கள் அக்கம்பக்கமாக ஓடுகின்றன. அந்தப் பஞ்சின் சுவர்களில் மென்தசை இருக்கிறது. சாதாரண நேரத்தில் இந்தத் தசை இறுகியே இருக்கும், ரத்தம் கொஞ்சமாகத்தான் உள்ளே வரும். கிளர்ச்சி ஏற்பட்டதும், முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும் நரம்புகளின் முனைகள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடுகின்றன. ரத்தக்குழாயின் உட்சுவரும் அதைச் சுரக்கிறது. அந்த வாயு தசைக்குள் சிஜிஎம்பி என்ற பொருளைப் பெருக்குகிறது, தசை தளர்கிறது, ரத்தம் பாய்கிறது, பஞ்சு உப்புகிறது. உப்பிய பஞ்சு, தன்னைச் சுற்றியுள்ள கெட்டியான உறையோடு அழுந்தி, நடுவில் மாட்டிய சிரைகளை நசுக்கிவிடும். வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் நிற்பதுதான் விறைப்பு. முடிந்ததும் பிடிஇ-5 என்ற நொதி அந்த சிஜிஎம்பியைச் சிதைக்கிறது, தசை மறுபடி இறுகுகிறது, ரத்தம் வடிகிறது.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் விளைவு ஒன்றுதான். நீரிழிவு நரம்பையும் ரத்தக்குழாயையும் சேர்த்தே கெடுக்கும். புகை, கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம் ஆகியவை உட்சுவரைக் கெடுப்பதால் வாயு குறையும், ரத்தக்குழாயும் குறுகும். புராஸ்டேட் அறுவையில் நரம்பு அடிபடலாம். சிலருக்கு ரத்தம் நன்றாக வந்தும், சிரைகள் சரியாக நசுங்காமல் கசிந்துவிடும். டெஸ்டோஸ்டெரோன் குறைந்தால் நாட்டம் முதலில் குறையும், விறைப்பு அதன் பின்னால் குறையும்.

பயத்துக்கு இங்கே தனி இடம் உண்டு. ‘எல்லாம் மனசுதான்’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், அது பாதிதான் சரி. பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் இந்த மென்தசையை நேரடியாக இறுக்குகிறது. போன தடவை வரவில்லை, இன்றைக்கு வருமா என்று தன்னைத் தானே வேவு பார்க்கும் ஒருவரின் உடம்பு, புலியைக் கண்டவரின் உடம்பைப் போலத்தான் நடந்துகொள்ளும். அங்கே ரத்தம் காலுக்கு வேண்டும், குறிக்கு வேண்டாம். உடல் காரணத்தால் ஒருமுறை வராமல் போனவருக்கும் இந்தப் பயம் ஒட்டிக்கொள்கிறது என்பதால், உடம்பா மனசா என்று கோடு போட்டுப் பிரிப்பது பெரும்பாலும் வீண்வேலை. இரண்டும் கலந்துதான் இருக்கும்.

இதயத்தின் முன்னறிவிப்பு

குறிக்குள் போகும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்துக்கு ரத்தம் தரும் தமனிகள் 3 முதல் 4 மில்லிமீட்டர். உடம்பு முழுக்க ஒரே மாதிரி கொழுப்பு படிந்தால், சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும். இதனால்தான் விறைப்புக் குறைபாடு பலருக்கு நெஞ்சுவலிக்கு 2 முதல் 5 ஆண்டுகள் முன்னாலேயே வந்து நிற்கிறது. 40, 45 வயதில், மெல்ல மெல்ல விறைப்பு குறைந்து, விடியற்காலை விறைப்பும் போய்விட்டது என்றால் அதை இதயப் பரிசோதனைக்கான அழைப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். கடையில் யாருக்கும் தெரியாமல் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு விறைப்பை மட்டும் மீட்டுக்கொண்டவர் இழப்பது இந்த அவகாசத்தைத்தான்.

மருத்துவரிடம் போகும் முன் நீங்கள் கவனிக்க வேண்டியவை

முதலில் விடியற்காலை விறைப்பு. நலமான ஆணுக்கு, கனவு வரும் தூக்கத்தின்போது ஓர் இரவில் 3 முதல் 5 முறை தானாகவே விறைப்பு வரும். விழிக்கும்போது இருப்பது அதில் கடைசி. இரண்டு வாரம் கவனியுங்கள். காலையில் கெட்டியாக வருகிறது, தனியாக இருக்கும்போதும் வருகிறது, துணையோடு மட்டும் வரவில்லை என்றால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, தடை பதற்றத்திலோ உறவிலோ இருக்கிறது. எங்கேயும் எப்போதும் வரவில்லை என்றால் உடல் காரணத்தைத் தேட வேண்டும். ஒரு எச்சரிக்கை: தூக்கம் கெட்டவருக்கும், குறட்டையோடு மூச்சு நின்று நின்று தூங்குபவருக்கும் காலை விறைப்பு குறையும். அதை மட்டும் வைத்து முடிவுகட்டிவிட வேண்டாம்.

அடுத்தது, எப்படித் தொடங்கியது என்பது. ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து திடீரென்று என்றால் புதிதாகத் தொடங்கிய மருந்து, வேலை இழப்பு, துக்கம், சண்டை என்று ஏதாவது அந்த நாளை ஒட்டி இருக்கும். எப்போது தொடங்கியது என்றே சொல்ல முடியாதபடி ஓரிரு ஆண்டுகளாகத் தேய்ந்து வந்தது என்றால் ரத்தக்குழாய் பக்கம் சந்தேகம் போகும்.

கெட்டித்தன்மைக்கு 1 முதல் 4 வரை ஓர் அளவுகோல் இருக்கிறது. பெரிதாகிறது ஆனால் கெட்டியாகவில்லை என்றால் 1. கெட்டியாகிறது, ஆனால் உள்ளே நுழைக்கப் போதவில்லை என்றால் 2. நுழைக்கலாம், ஆனால் முழு விறைப்பு இல்லை என்றால் 3. முழு விறைப்பு 4. ‘சரியாக வரவில்லை’ என்று சொல்வதைவிட ‘பெரும்பாலும் 2, காலையில் 3’ என்று சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. இதோடு ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் கொடுப்பார்கள். கடந்த 6 மாதத்தை வைத்து பதில் எழுத வேண்டும். 25-க்கு 22 அல்லது அதற்கு மேல் வந்தால் குறைபாடு இல்லை. 17 முதல் 21 லேசானது. 12 முதல் 16 லேசுக்கும் மிதத்துக்கும் நடுவில். 8 முதல் 11 மிதமானது. 7 அல்லது அதற்குக் கீழே வந்தால் கடுமையானது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இதே படிவத்தை நிரப்பினால் முன்னேற்றம் எண்ணாகவே தெரியும்.

மூன்றாவது, நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரும் அளவும். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ரத்த அழுத்தத்துக்கான தையசைடு வகை நீர் மாத்திரைகள், அட்டெனலால், ப்ரொப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பிகள், ஸ்பைரனோலாக்டோன், மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், பராக்ஸெட்டின் வகை, மனநோய்க்கான ரிஸ்பெரிடோன், முடி கொட்டுவதற்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் தரும் ஃபினாஸ்டெரைடு, ஓப்பியம் சார்ந்த வலி மருந்துகள் ஆகிய எல்லாமே விறைப்பையோ நாட்டத்தையோ குறைக்கக்கூடியவை. மருந்தைத் தொடங்கிய தேதியையும் குறை தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஆனால் நீங்களே நிறுத்திவிடாதீர்கள். பீட்டா தடுப்பியைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம். மாற்று பெரும்பாலும் கிடைக்கும். பீட்டா தடுப்பியே தேவைப்படுபவருக்கு நெபிவலால் இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான், லொசார்ட்டான் வகை விறைப்பைப் பொதுவாகத் தொந்தரவு செய்வதில்லை.

யாரிடம் போவது? முதல் சந்திப்புக்குப் பொது மருத்துவரே போதும். சிறுநீரியல் நிபுணர், அகச்சுரப்பியல் நிபுணர், மனநல மருத்துவர் ஆகியோர் அடுத்த கட்டத்தில் வருவார்கள். சொல்ல வாய் வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். அவர்கள் அதைப் பல தடவை பார்த்திருப்பார்கள்.

பரிசோதனைகள்: தேவையானதும் தேவையில்லாததும்

எல்லோருக்கும் தேவைப்படுபவை கொஞ்சம்தான். ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும், கொழுப்பு அளவுகள், காலை நேர டெஸ்டோஸ்டெரோன். கூடவே மருத்துவர் குறியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே தழும்பு போலக் கட்டியாகி வளைவு ஏற்படுத்தும் பெய்ரோனி நோயும், சுருங்கிய விரைகளும் கையால் தொட்டால்தான் தெரியும். சட்டையைக்கூடத் தொடாமல் சீட்டு எழுதித் தருபவரிடம் இதைக் கேட்டு வாங்குவதில் தப்பில்லை.

டெஸ்டோஸ்டெரோனில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அது காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும், மாலை நாலு மணிக்கு எடுத்த ரத்தத்தில் குறைவாகத்தான் தெரியும். காலை 7 முதல் 11 மணிக்குள், வெறும் வயிற்றில் எடுங்கள். காய்ச்சலோ வேறு நோயோ இருக்கும் வாரத்தில் வேண்டாம். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்தால் இன்னொரு நாள் மறுபடி எடுத்து உறுதிசெய்த பிறகுதான் குறைவு என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் குறைவு என்றால் எல்ஹெச், ப்ரொலாக்டின் என்ற இரண்டு ஹார்மோன்களையும் பார்த்து, கோளாறு விரையிலா மூளையடிச் சுரப்பியிலா என்று பிரிப்பார்கள்.

குறிக்கு ஊசி போட்டு, ரத்த ஓட்டத்தை அளந்து எடுக்கும் டாப்ளர் ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. மாத்திரையில் பலன் கிடைக்காதவர், அடிபட்ட இளைஞர், அறுவையை யோசிப்பவர் என்றால் எடுக்கலாம். அதில் தமனியின் உச்ச வேகம் நொடிக்கு 25 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் ரத்தம் போதுமான அளவு வரவில்லை என்று பொருள். உச்ச வேகம் சரியாக இருந்தும், கடைசி வேகம் நொடிக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் சிரையில் கசிவு இருக்கலாம். ஊசி போட்ட பதற்றத்திலேயே கசிவு இருப்பதுபோல் படம் வரும் என்பதால், பதறி எடுத்த ஒரே ஸ்கேனை நம்பி அறுவைக்குப் போகக்கூடாது. விந்தணுப் பரிசோதனைக்கு இந்தக் குறையோடு சம்பந்தமே இல்லை. குழந்தை விஷயம் தனியாக இருந்தால் எடுங்கள்.

மருந்தில்லாமல் மாறக்கூடியவை

புகையை நிறுத்துவது, உடல் பருமன் உள்ளவர் எடையைக் குறைப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது என்று எல்லோருக்கும் தெரிந்த பட்டியல்தான். எவ்வளவு என்பதுதான் முக்கியம். நடுத்தர வேகத்திலிருந்து கடின வேகம் வரையிலான உடற்பயிற்சி, ஒரு தடவைக்கு 40 நிமிடம், வாரம் 4 தடவை, 6 மாதம். மூச்சு வாங்க வேண்டும், பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பத்து நாள் நடந்துவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று விடுபவர்கள்தான் அதிகம். ரத்தக்குழாயின் உட்சுவர் பத்து நாளில் சரியாகாது. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்க மூச்சுத்தடைக்குப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் சைக்கிள் ஓட்டி, குறியோ தொடையிடுக்கோ மரத்துப்போகிறவர்கள் நடுவில் பள்ளமுள்ள அகலமான இருக்கைக்கு மாறி, அவ்வப்போது எழுந்து நின்று மிதிக்க வேண்டும்.

இடுப்படித் தசைப் பயிற்சிக்கு ஒரு காசு செலவில்லை, ஆனால் தப்பாகச் செய்வது எளிது. ஆசனவாயில் காற்றை அடக்குவதுபோலவும், சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதுபோலவும் ஒரே நேரத்தில் உள்ளே இழுங்கள். கண்ணாடி முன் நின்று செய்தால் குறியின் அடி லேசாக உள்ளே போவதும் விரைகள் மேலே ஏறுவதும் தெரியும். அப்படித் தெரிந்தால் சரியான தசை. வயிறு இறுகினாலோ, பிட்டம் இறுகினாலோ, மூச்சு நின்றாலோ தப்பு. முதலில் 5 நொடி இழுத்துப் பிடித்து 5 நொடி விடுங்கள், போகப் போக 10 நொடி. படுத்து 10, உட்கார்ந்து 10, நின்று 10 என்று காலையும் மாலையும். 3 மாதம் விடாமல் செய்த பிறகே பலனை மதிப்பிடுங்கள். தசை எது என்று கண்டுபிடிக்க ஒருதடவை சிறுநீரை நிறுத்திப் பார்க்கலாம், அதையே தினப் பயிற்சியாக்க வேண்டாம்.

மாத்திரை: எப்படிச் சாப்பிடுவது, ஏன் தோற்கிறது

முதலில் தடை. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், ஐசோசார்பைடு என்று எந்த நைட்ரேட் மருந்து எடுப்பவராக இருந்தாலும், ‘பாப்பர்’ என்று முகரும் போதைப்பொருள் உபயோகிப்பவராக இருந்தாலும் இந்த வகை மாத்திரையைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிர்போகும் அளவுக்கு இறங்கும். நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்துக்குத் தரும் ரியோசிகுவாட் எடுப்பவர்களுக்கும் தடை. கடந்த 6 மாதத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் வகை சாப்பிடுபவர்கள், அந்த மருந்து உடம்புக்குப் பழகிய பிறகு, குறைந்த அளவில் தொடங்க வேண்டும். உறவு என்ற உழைப்பையே இதயம் தாங்குமா என்று சந்தேகம் இருந்தால் ஒரு எளிய அளவுகோல் உண்டு: 1.6 கிலோமீட்டரை 20 நிமிடத்தில் நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாமல் நடக்க முடிகிறவர் பெரும்பாலும் தாங்குவார்.

நெஞ்சுவலி மருந்தாகச் சோதிக்கப்பட்டுத் திசைமாறிய சில்டெனாஃபிலை, வயாகரா என்ற பெயரில் 1998 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்தது. நைட்ரிக் ஆக்சைடு உடம்புக்குள் செய்தி கடத்துகிறது என்று கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவரும் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டு. பிறகு வந்த டடலாஃபில், வார்டெனாஃபில், அவனாஃபில் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சிஜிஎம்பியைச் சிதைக்கும் பிடிஇ-5 நொதியைத் தடுக்கின்றன. கவனியுங்கள், சிஜிஎம்பியை இவை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காப்பாற்றுகின்றன. கிளர்ச்சி இல்லாவிட்டால் வாயு இல்லை, வாயு இல்லாவிட்டால் காப்பாற்ற ஒன்றும் இல்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக் காத்திருந்தவர் ‘வேலை செய்யவில்லை’ என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

சில்டெனாஃபில் 25, 50, 100 மி.கி. அளவுகளில் வருகிறது. பெரும்பாலோருக்கு 50-இல் தொடங்குவார்கள். 65 வயது தாண்டியவர்களுக்கும், கல்லீரல் அல்லது சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்தவர்களுக்கும், எரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி, கீட்டோகோனசால் என்ற பூஞ்சை மருந்து போன்றவை எடுப்பவர்களுக்கும் 25. உறவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில். எண்ணெயும் கொழுப்பும் நிறைந்த சாப்பாட்டுக்குப் பின் போட்டால் வேலை தொடங்க இன்னொரு மணி நேரம் ஆகும், உச்ச அளவும் குறையும். பலன் சுமார் 4 மணி நேரம்.

டடலாஃபில் வேறு மாதிரி. சாப்பாடு அதைத் தொந்தரவு செய்யாது, பலன் 36 மணி நேரம் வரை நிற்கும். தேவைப்படும்போது மட்டும் 10 அல்லது 20 மி.கி. போட்டு, குறைந்தது இரண்டு மணி நேரம் கொடுங்கள். இல்லையென்றால் தினமும் ஒரே நேரத்தில் 5 மி.கி. கடிகாரம் பார்த்து உறவுகொள்வதே பதற்றமாக இருப்பவர்களுக்கு இந்தத் தினசரி முறைதான் எங்கள் பார்வையில் நல்லது. புராஸ்டேட் வீக்கத் தொல்லையும் கூடவே குறையும். அவனாஃபில் 15 முதல் 30 நிமிடத்தில் தொடங்கிவிடும். எதுவானாலும் 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு மேல் கூடாது, இரண்டு வகைகளைக் கலக்கவும் கூடாது.

தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் வரலாம், தானாகப் போய்விடும். சில்டெனாஃபிலில் பார்வை லேசாக நீலம் கலந்து தெரியலாம். டடலாஃபிலில் அடுத்த நாள் முதுகுவலி, தசைவலி வரலாம். ஒரு கண்ணில் பார்வையோ ஒரு காதில் கேட்கும் திறனோ திடீரென்று போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

தோல்வி என்று சொல்லும் முன், மருத்துவர் அனுமதித்த முழு அளவில், சரியான முறையில், குறைந்தது 6 தடவையாவது வெவ்வேறு நாட்களில் முயன்றிருக்க வேண்டும். முதல் தடவையே பயத்தோடு போட்டு, வராமல், தூக்கி எறிந்தவர்கள் ஏராளம். வயிறு நிறையச் சாப்பிட்டது, மாத்திரை போட்டுப் பத்தே நிமிடத்தில் தொடங்கியது, நிறைய மது குடித்தது, கண்டுபிடிக்கப்படாத டெஸ்டோஸ்டெரோன் குறைவு, கட்டுக்கடங்காத சர்க்கரை, கடைசியாகப் போலி மாத்திரை. இந்த வரிசையில் தேடுங்கள். ‘முழுக்க மூலிகை, பக்கவிளைவே இல்லை’ என்று விற்கும் பல பொடிகளிலும் குளிகைகளிலும் சீட்டில் எழுதாத சில்டெனாஃபில் கலந்திருப்பதை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மறுபடி மறுபடி கண்டுபிடித்திருக்கிறது. அரை மணி நேரத்தில் வேலை செய்யும் மூலிகை என்றால் சந்தேகப்படுங்கள். நைட்ரேட் எடுக்கும் இதய நோயாளிக்கு அந்த ஒரு குளிகை போதும்.

டெஸ்டோஸ்டெரோன் ஊசியும் களிம்பும் குறைவு உறுதியானவர்களுக்கு மட்டும். சாதாரண அளவு உள்ளவருக்கு விறைப்பில் பலன் இல்லை, விந்தணு உற்பத்தியோ படுத்துவிடும். குழந்தை வேண்டும் என்று இருப்பவர் இதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பதற்றம் மட்டுமே காரணமாக இருக்கும்போது

சில வாரங்களுக்கு உறவே கூடாது என்று இருவரும் பேசித் தடை போடுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ‘வர வேண்டும்’ என்ற பரீட்சையை ரத்து செய்வதுதான் மருந்து. முதல் கட்டத்தில் மார்பையும் பிறப்புறுப்பையும் தவிர்த்து, ஆளுக்கு 15, 20 நிமிடம் மாறி மாறித் தொடுவது. எது பிடித்தது என்று சொல்வது. அடுத்த கட்டத்தில் பிறப்புறுப்பையும் சேர்ப்பது, ஆனால் விறைப்பு வந்தாலும் உறவு கிடையாது. வந்ததை வேண்டுமென்றே போகவிட்டு மறுபடி வரவழைப்பது மூன்றாவது. போனது திரும்ப வரும் என்று உடம்பு ஒருதடவை கற்றுக்கொண்டால் பயம் பாதி கழன்றுவிடும். தடையை மீறி அவசரப்பட்டு இரண்டாம் வாரமே உறவுக்குப் போவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. துணை கூட வராமல் ஒருவர் மட்டும் ஆலோசனைக்குப் போவதில் பலன் குறைவு. கைப்பழக்கத்தால்தான் நரம்பு தளர்ந்தது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், அந்தக் குற்ற உணர்ச்சிதான் பல இளைஞர்களுக்கு நோயாகிறது.

மாத்திரைக்கு அப்பால்

வெற்றிட பம்பில் மருந்தே இல்லை. குழாயைக் குறியின் மேல் வைத்து, அடிப்பகுதியில் களிம்பு தடவிக் காற்றுப் புகாமல் அழுத்தி, மெதுவாகக் காற்றை உறிஞ்ச வேண்டும். விறைத்ததும் அடியில் வளையத்தைத் தள்ளிவிட்டுக் குழாயை எடுத்துவிடலாம். வளையம் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குறி கொஞ்சம் நீலம் பூத்து, சில்லென்று இருக்கும், வளையத்துக்குப் பின்னால் ஆடும், விந்து வெளியே வராமல் தேங்கலாம். இதெல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஊசி என்றதும் பலர் எழுந்து போய்விடுவார்கள். இன்சுலின் ஊசி அளவு மெல்லியது, வலியும் அவ்வளவுதான். ஆல்ப்ரோஸ்டடில் மருந்தைக் குறியின் பக்கவாட்டில் பஞ்சுக் குழாய்க்குள் செலுத்த வேண்டும். மேலே நரம்பும் கீழே சிறுநீர்க் குழாயும் இருப்பதால் அந்த இரண்டு இடங்களும் கூடாது. 5 முதல் 20 மைக்ரோகிராம் பலருக்குப் போதும். முதல் அளவை மருத்துவமனையிலேயே போட்டுப் பார்த்து நிர்ணயிப்பார்கள். குத்திய இடத்தை 5 நிமிடம் அழுத்திப் பிடிக்காவிட்டால் ரத்தம் கட்டும். ஒரே இடத்தில் குத்தினால் தழும்பாகி வளையும், எனவே பக்கம் மாற்றி மாற்றி. வாரம் 3 தடவைக்கு மேல் வேண்டாம், நடுவே 24 மணி நேரமாவது இடைவெளி. நரம்பு அறுந்தவருக்கும் இது வேலை செய்யும், ஏனென்றால் இது நரம்பின் உதவியைக் கேட்பதே இல்லை.

எதுவும் பலன் தராதபோது உள்ளே பொருத்தும் கருவி. வளையும் தண்டு ஒரு வகை. மூன்று பாகங்கள் கொண்ட பம்பு இன்னொரு வகை: குறிக்குள் இரண்டு உருளை, விரைப்பையில் ஒரு பம்பு, அடிவயிற்றில் திரவப் பை. வைத்தவர்களில் பெரும்பாலோர் திருப்தியாக இருக்கிறார்கள். உணர்ச்சியும் உச்சமும் அப்படியே இருக்கும். ஆனால் பஞ்சு சிதைந்துவிடுவதால் பழைய இயற்கை விறைப்புக்குத் திரும்ப வழி இல்லை, நீளமும் அதிகரிக்காது. கிருமி தொற்றினால் கருவியை எடுக்க வேண்டிவரும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர் முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வரட்டும். புராஸ்டேட் அறுவை செய்தவர்கள் அவசரப்பட வேண்டாம். காப்பாற்றப்பட்ட நரம்புகள் தேற 2 ஆண்டுகள்கூட ஆகும். அதிர்வலை, ரத்தத்தட்டு ஊசி, ஸ்டெம்செல் ஆகியவற்றைப் பெரிய தொகைக்கு விற்பார்கள். நிலையான சிகிச்சை என்று சொல்லும் அளவுக்கு இவற்றுக்கு இன்னும் சான்று சேரவில்லை.

காத்திருக்கக் கூடாத மூன்று

மருந்துக்குப் பின் விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் அடங்காவிட்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள். உள்ளே சிக்கிய ரத்தத்தில் பிராணவாயு தீர்ந்து தசை சாகத் தொடங்கும். வெட்கப்பட்டு விடியும்வரை பொறுத்தவர்கள் நிரந்தரமாக விறைப்பை இழந்திருக்கிறார்கள். உறவின்போது ‘டப்’ என்ற சத்தத்தோடு வலித்து, விறைப்பு சட்டென்று இறங்கி, குறி வீங்கிக் கறுத்தால் உறை கிழிந்திருக்கிறது. அன்றே அறுவை தேவைப்படும்.

மூன்றாவது நெஞ்சுவலி. மாத்திரை போட்ட நாளில் நெஞ்சுவலி வந்தால் உறவை உடனே நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். வீட்டில் யாருடைய நைட்ரேட் மாத்திரை இருந்தாலும் எடுத்து நாக்கடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம் வரையிலும், டடலாஃபில் போட்டு 48 மணி நேரம் வரையிலும் நைட்ரேட் தரக்கூடாது. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்பதை ஆம்புலன்ஸில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். மயங்கிவிட்டால் நீங்கள் சொல்ல முடியாது, எனவே இந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.